லாரிக்குக் கொசுவலை கட்டியவர்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது லைசென்ஸுக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே எடுத்துப் புழங்கியவர் யாரும் இல்லை. சரக்கு ஏற்றுகிற கொட்டகையிலும் எடைமேடையிலும் டீக்கடையிலும் அவர் கொசுவலைதான். "கொசுவலை கிளம்பிட்டாரா?" என்று கேட்டால் போதும், காகித உருளை ஏற்றிக்கொண்டு நிற்கிற பச்சை லாரியைக் கை காட்டிவிடுவார்கள்.

வண்டி ஓட்டுவது அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்தில் வந்தது. அப்பா லாரி, சித்தப்பா பஸ், அத்தை மகன் ஆம்புலன்ஸ். தாய்மாமன் ஒருவர் மட்டும் வழி விலகித் தையல் படித்தார். அவரும் கடைசியில் லாரி சீட்டுக்கு உறை தைத்துத்தான் பிழைத்தார். இவர் அப்பாவிடம் கற்றுக்கொண்டது ஓட்டுவதை மட்டுமல்ல, கட்டுவதையும். சரக்கின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு இழுத்தாரென்றால், கயிறு வீணைத் தந்தி மாதிரி நிற்கும். லோடு இறக்குகிற ஆட்கள் அந்த முடிச்சைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு சீர்ப்பெட்டியையும் இவரே கட்டி அனுப்பினார். மருமகன் அதை அரிவாளால் அறுத்துத்தான் திறந்தார். மாமனார்மேல் அவருக்கு இருக்கிற ஒரே குறை அதுதான்.

மகள் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. "ஒரு நடை கூட வர்றேங்க" என்று வண்டியில் ஏறிய மனைவி, அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கைப் பலகைக்குப் பூப்போட்ட உறை வந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பு செருகினாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கி நின்று, "வரலாம், வரலாம், ஒடிங்க, போதும்" என்று சத்தம் கொடுப்பாள். சக்கரத்துக்குக் கட்டை வைப்பாள். மற்ற லாரிக்காரர்களுக்கு அவள் கிளீனர் அக்கா. ஆறேழு ஊர் ஓட்டுநர்களின் பிள்ளைகுட்டி, சம்பந்தி சண்டை எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு கோடையில் எடைமேடை வரிசையில் நின்றபோது அவள் மயங்கி விழுந்தாள். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இனி வெக்கையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மகள் போனில், "பேசாம இங்க வந்துரும்மா. எதுக்கு அவரோட வேகுற?" என்றாள்.  அடுத்த மாதமே இவர் பழைய லாரியைக் கொடுத்துவிட்டு, ஏசி வைத்த பச்சை லாரியை வாங்கினார். மற்றவர்களிடம் இன்ஜின் நல்ல இன்ஜின் என்று சொல்லிக்கொண்டார். ஏன் வாங்கினார் என்று அவளுக்குத் தெரியும், அவளும் கேட்கவில்லை.

காகித ஆலையிலிருந்து போகிற பாதையில் ஒரு கல் குவாரி இருந்தது. டிப்பர் லாரிகள் ஜல்லியைச் சிந்திக்கொண்டே போகும். ஒரு நாள் முன்னால் போன டிப்பரின் சக்கரம் ஒரு கல்லைச் சுண்டியது. முகப்பில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் ஏசியிலிருந்து வெந்நீர் அண்டாவைத் திறந்தது போலக் காற்று வந்தது. அவள் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக வேக வரம்பை மீறி ஓட்டினார்.

அவளுடைய அண்ணன் ஏசி பட்டறை வைத்திருந்தார். நேராக அங்கேதான் போய் நின்றார்கள். அண்ணன் முன் கிரில்லைக் கழற்றிக் காட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் ஜன்னல் அகலத்துக்கு ஒரு சட்டம். அதில் வரிவரியாக மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு நடுவே சீப்புப் பல் போலத் தகடுகள். அதுதான் ஏசி கேஸைக் குளிரவைக்கிற கண்டென்சர். ஒரு குழாயில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இவ்ளோ பெரிய வண்டிக்கு இவ்ளோ நோஞ்சான் சாமானா, மச்சான்?"

"காத்து பூந்து போகணும்ல மாப்ள. இரும்புக் கதவா போட முடியும்? எதையாவது தடுப்பு வைங்க."

வேறு கண்டென்சர் மாட்டி, கேஸ் நிரப்பி முடித்தார்கள். கிளம்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இன்னொரு கல்லு அடிச்சுதுன்னா நான் மக வீட்டுக்கே போயிடறேன். நீங்க இன்னைக்கு ஓட்டின ஓட்டத்துல எனக்கு வெக்கையை விட அதுதான் பயமா இருந்துச்சு."

 மறுநாளே அவர் ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலையை வாங்கி, நாலு மடிப்பாக மடித்து முகப்பு முழுக்கக் கட்டிவிட்டார். சல்லிக் கல் என்ன, ஈகூட நுழையாது என்று அவருக்குப் பெருமை. ஈ நுழையவில்லைதான், காற்றும் நுழையவில்லை. தட்டான், வண்டு, வைக்கோல் தூசி எல்லாம் அதில் அப்பிக்கொண்டன. மேடேறும்போது இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் கிடுகிடுவென ஏறியது. டீக்கடையில் நின்ற ஓட்டுநர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"என்னண்ணே, வண்டிக்கு மலேரியாவா?"

"தொட்டில் எங்க? தாலாட்டு யாரு பாடுறது, அக்காவா?"

"சிரிங்கடா," என்றார் இவர். "கல்லடி பட்டாத்தான் தெரியும் உங்களுக்கு."

கொசுவலை என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

நைலானைக் கிழித்துப் போட்டுவிட்டு, பட்டாணி நுழைகிற அளவு கண் வைத்த கம்பிவலை வாங்கினார். காற்றும் வரும், கல்லும் வராது. சரியான சாமான். ஆனால் கட்டியது யார்? தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்த அதே கை. தளர்வாக இருப்பது எதுவும் வழியில் விழுந்துவிடும் என்பது அவர் எண்ணம். வலையைக் கண்டென்சரின் மேலேயே ஒட்ட வைத்து, மூலைக்கு மூலை கட்டுக்கம்பியைத் தகடுகளுக்குள் விட்டு, குறட்டால் முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டார். கையால் ஆட்டிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது.

"ரொம்ப இறுக்காதீங்க, அது மூச்சு முட்டிடும்," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. இது கட்டு."

குவாரிச் சாலையில் கற்கள் டிங் டிங் என்று பட்டுத் தெறித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் மீசை ஒரு நூல் உயர்ந்தது. கோடை பாதி கழிந்தது. பிறகு ஒரு காலை, கல்லும் மண்ணும் இல்லாத வழவழப்பான நெடுஞ்சாலையில், ஏசி மறுபடியும் சூடாக மூச்சு விட்டது.

அவர் வண்டியை ஒரு மர நிழலில் ஓரங்கட்டினார். அவள் பூப்போட்ட படுக்கை உறையைக் கழற்றி மடித்தாள். சீப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அந்தச் சீப்பு இருந்த இடத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"மச்சான் பட்டறை வழியிலதான் இருக்கு," என்றார். "பாத்துட்டு... அப்புறம் உன்னை மக வீட்டுல விடுறேன்."

"சரிங்க."

பட்டறையில் அவர் இறங்கியதும் கத்த ஆரம்பித்தார். டிப்பர்காரனைத் திட்டினார், குவாரிக்காரனைத் திட்டினார், கம்பிவலை விற்ற கடைக்காரனின் அப்பாவையும் விடவில்லை. மச்சான் காது கொடுக்காமல் குறட்டை எடுத்து முறுக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்க்க முடியாததை வெட்டினார். வலை கழன்று வந்ததும் குனிந்து பார்த்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"மச்சான், அழுவுறீங்களா?"

"இல்ல மாப்ள," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க வாங்க. கல்லு பட்டா குழி விழும், தகடு நசுங்கும். இங்க ஏதாவது நசுங்கியிருக்கா? இந்த ஓட்டை பாருங்க, பாலிஷ் போட்ட மாதிரி மின்னுது. சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. நேரா உங்க கட்டுக்கம்பி இருந்த எடம். வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பி தேய்ச்சிருக்கு. அரம் போட்டு அறுத்த மாதிரி நீங்களே அறுத்திருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். முகத்தில் அசடு வழிந்தது. அரிவாளால் பெட்டியைத் திறந்த மருமகன் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்றுதான் முதலில் தோன்றியது.

பட்டறை ஓரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அப்ப கல்லு அடிக்கலையா?"

"எந்தக் கல்லு? உம் புருஷன்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கல்லு அடிச்சா மக வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்னேன். இவரு அடிச்சா போறேன்னு சொல்லலையே," என்றாள். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, வண்டி ஏறிக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே செருகிவிட்டு வந்தாள்.

அன்று மூன்று பேரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். மச்சான் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்து, கேஸ் நிரப்பினார். கம்பிவலையைச் சுற்றி இரும்புப் பட்டையில் ஒரு சட்டம் அடித்து, கண்டென்சரைத் தொடாமல் பம்பரின் தாங்கியில் போல்ட் போட்டு நிறுத்தினார். வலைக்கும் கண்டென்சருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. போல்ட்டுக்கு அடியில் வைக்க அவள் தன் பழைய செருப்பை வெட்டி ரப்பர் வில்லைகள் செய்து கொடுத்தாள். தூசி அடைத்தால் கழற்றிக் கழுவ வசதியாக மேலே ஒரு கொக்கி. அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்குக் கை துறுதுறுத்தது. ஒரே ஒரு கட்டு போட்டால் என்ன என்று குறட்டைத் தேடினார். அது அவள் இடுப்பில் இருந்தது.

"தாம்மா, சும்மா பாக்கத்தான்."

"பாக்குறதுக்குக் கண்ணு போதும்."

அடுத்த நடைக்குக் குவாரிச் சாலையில் திரும்பியபோது முன்னால் ஒரு டிப்பர் தளும்பத் தளும்ப ஜல்லியோடு போய்க்கொண்டிருந்தது. பழைய ஆளாக இருந்தால் ஹாரன் அடித்து ஒட்டிக்கொண்டே போயிருப்பார். இப்போது வேகத்தைக் குறைத்தார். டிப்பருக்கும் தமக்கும் நடுவே ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம் என்கிற அளவுக்கு இடம் விட்டார். அப்படியும் ஒரு கல் துள்ளி வந்து டிங்கென்று பட்டது.  அவள் கையை ஏசி துவாரத்துக்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டாள். வளைவு வந்தது, பாலம் வந்தது, குவாரியின் புழுதி பின்னால் போனது. கை அப்படியே இருந்தது.

போன் அடித்தது. மகள்.

"எப்பம்மா வர்ற?"

"உங்கப்பாவுக்கு அந்தப் பக்கம் லோடு கிடைச்சா வர்றேன். ரெண்டு நாள் இருப்பேன், அதுக்கு மேல வண்டிக்கு ஆள் வேணும்ல."

போனை வைத்துவிட்டுப் போர்வையைத் தோளுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, குளிருது. கொஞ்சம் குறைங்க."

அவர் ஏசியின் குமிழைத் திருகிக் குறைத்தார். மீசை ஒரு நூல் உயர்ந்தது. அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டார்.