பதினொரு ஓம்

என் தங்கை ஜெயரூபி மதிப்பீட்டாளராக வேலை செய்கிறாள். எங்கள் ஸ்கந்தபுரத்தில் இதைச் சொன்னால், காணிக்கு விலை போடுகிறவள் என்றுதான் நினைப்பார்கள். பக்கத்து வீட்டு வீரகத்தி அண்ணை ஒருநாள் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து நின்றார்.

"பிள்ளை, ரெண்டேக்கர் வயல். என்ன விலை போகும்?"

அவள் சிரிக்காமல் கதிரை கொடுத்து இருத்தி விளங்கப்படுத்தினாள். நிறுவனங்கள் ஊருக்குக் கோழிக்கூடு, கிணறு, தையல் மெஷின் என்று ஏதாவது கொடுக்கின்றன. கொடுத்தது சனத்துக்கு உதவியதா என்று பிறகு போய்ப் பார்த்து எழுதுவதுதான் அவளுடைய வேலை.

"அப்ப குடுத்தவைக்கு நீ மார்க்ஸ் போடுறாய்," என்றார் அண்ணை. அதைவிடச் சுருக்கமாக நானும் யாருக்கும் சொன்னதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் உடுப்புத் தைக்கிறேன். எனக்கு ஒன்பது வயது இளையவள் அவள். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த இடங்களில் மரத்துக்குக் கீழே இருந்து படித்தாள். பிறகு யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தாள். அவளுடைய கவனத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். அது போன வருடம் மாசி மாதம் நடந்தது.

உடையார்கட்டுக்கு அங்கால் ஒரு சிறிய கிராமம். அங்கே நூற்றிருபது வீடுகளுக்கு ஒரு நிறுவனம் தண்ணீர் வடிகட்டி கொடுத்திருந்தது. குளப்பக்கத்து அறுபது வீடுகளுக்கு இன்னும் கொடுக்கவில்லை. ஜெயரூபியின் அறிக்கையைப் பார்த்துத்தான் அந்த அறுபதுக்கும் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள்.

விவரம் எடுக்கப் போனவர்கள் தாள்களை அவளிடம் கொடுத்தார்கள். 'நிறுவனம் தந்த வடிகட்டியைக் கழுவிச் சுத்தமாக வைத்து, தினமும் குடிதண்ணீருக்குப் பாவிக்கிறீர்களா?' என்பது கேள்வி. நூற்றுப்பதினாலு வீட்டில் 'ஓம்', அதாவது ஆம் என்று பதில். என் வெட்டுமேசையில் தாள்களைப் பரப்பி அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். அறுபது வீட்டுக்கும் நல்ல தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் அன்னபாக்கியம் மாமி போனில் வந்தா. திருவிழாவுக்கு ஆறு சட்டை, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். துணி எப்படி, கழுத்து எப்படி, கை எப்படி என்று நீளமாகச் சொன்னா. நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன். ஜெயரூபி பேனையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்ப எத்தினை தரம் ஓம் சொன்னனீங்கள்?"

"ஆரடி அதை எண்ணினது?"

"நான். பதினொரு தரம். அப்ப தைச்சுக் குடுக்கப்போறியளோ?"

"விசரே உனக்கு? வெள்ளிக்குள்ள ஏலாதெண்டு சொல்லிட்டுத்தானே வைச்சனான்."

அவள் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். கேள்வி நீளம். 'நிறுவனம் தந்த' என்று தொடங்கும்போதே சனம் 'ஓம்' என்று ஊம் கொட்டியிருக்கும். கேட்கிறேன், சொல்லுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். விவரம் எடுத்தவர்களுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

அவள் தானே நேரில் போய் நூற்றிருபது வீடும் ஏறினாள். ஆறு நாள் எடுத்தது. இந்த முறை தாள் கொண்டுபோகவில்லை. "வெய்யிலுக்க வந்தனான், குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் எதிலிருந்து வருகிறது என்று பார்த்தாள். முப்பத்தொரு வீட்டில்தான் வடிகட்டியில் பிடித்துக் கொடுத்தார்கள். மற்ற வீடுகளில் குடத்தில் மொண்டார்கள். வடிகட்டிக்குள் இருக்கும் வெள்ளைக் குழாய் எட்டு மாதத்தில் அடைத்துவிட்டது. புதியது வாங்க வவுனியா வரைக்கும் போகவேண்டும். ஒரு வீட்டில் வடிகட்டி அலுமாரிக்கு மேலே, பூப்போட்ட துணி போர்த்தபடி இருந்ததாம்.

இது தெரிந்ததும் அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி சிவலட்சுமி இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தா.

"தங்கச்சி, நூற்றுப்பதினாலு எண்டே எழுதிவிடுங்கோவன். ஆருக்கு என்ன நட்டம்? முப்பத்தொண்டு எண்டால் அந்த அறுபது வீட்டுக்கும் ஒண்டும் வராது."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தேன்.

"அக்கா, நீங்கள் வீட்டில எதில தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று ஜெயரூபி அவவிடம் கேட்டாள்.

சிவலட்சுமி தேத்தண்ணியைப் பார்த்தா. "குடத்திலதான்."

"குழாய் அடைச்ச பிறகு அந்த அறுபது வீட்டையும் அப்பிடியே குடத்தில விடவோ?"

அரை மணித்தியாலம் ஜெயரூபி பொறுமையாகச் சொன்னாள். முப்பத்தொன்று என்றுதான் எழுதுவாள், ஏன் குறைந்தது என்பதையும் எழுதுவாள், குழாயை ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் வைத்தால் சனம் பாவிக்கும் என்றும் எழுதுவாள். சிவலட்சுமி தலையை ஆட்டி "ஓம்... ஓம் தங்கச்சி..." என்று கேட்டுவிட்டுப் போனா.

"அப்பாடா, அவா சம்மதிச்சிட்டா," என்றேன்.

"இல்லை அக்கா. கேட்டுக்கொண்டிருந்தவா."

அவள் சொன்னதுதான் சரி. அதன்பிறகு ஐந்து மாதம் சிவலட்சுமி அவளுடைய போனை எடுக்கவில்லை. நிறுவனமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் ஜெயரூபி சாப்பாட்டில் இருந்தபடியே, "குளப்பக்கம் இப்ப தண்ணி நல்லாக் கலங்கியிருக்கும், என்ன அக்கா?" என்று கேட்பாள். நான் இன்னொரு கரண்டி சோறு போடுவேன்.

ஆவணியில் ஒரு பின்னேரம் சிவலட்சுமியே எங்களுக்குப் போன் எடுத்தா. அறுபது வடிகட்டியும் இறக்கியாகிவிட்டதாம். குழாய்கள் ஒரு பெட்டி சங்கக்கடையில் இருக்கிறதாம். பழைய வீட்டுக்காரரும் வாங்கிப் பூட்டுகிறார்களாம்.

"எல்லாரும் அதிலயோ இப்ப குடிக்கினம்?" என்று கேட்டாள் ஜெயரூபி.

"ஓம்."

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"நம்பமாட்டியள் எண்டு தெரியும். வெய்யிலுக்க வந்து தண்ணி கேட்டுப் பாருங்கோவன்."