காற்று புகுந்த இடம்

அப்பாவுக்கும் அவருடைய லாரிக்கும் ஒரே மாதத்தில் ஒரே நோய் வந்தது. கேட்டால் சிரிப்பு வரலாம். எனக்கு அப்போது பத்து வயது, அதை முழுசாக நம்பினேன்.

லாரி பழையது. சிங்கப்பூரில் வண்டிகளின் ஆயுளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எங்களுடையது ஒருமுறை நீட்டிப்பும் வாங்கி, அதிலும் கடைசி வருடத்தில் இருந்தது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி லிட்டில் இந்தியா கடைகளில் இறக்குவது அப்பாவின் வேலை. மற்ற நேரங்களில் லாரி கேலாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிற்கும். ஆறாவது மாடியிலிருந்து அதன் கூரையைப் பார்த்தே அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று சொல்லிவிடலாம்.

முதலில் நோய் வந்தது அப்பாவுக்கு. முருங்கைக்காய் மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பாலிகிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டெஸ்டுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அதுவரை வண்டி ஓட்டக்கூடாது, மூட்டை தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா அந்தக் காகிதத்தை நான்காக மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்தார். ஓமத்தண்ணீர் குடித்தார். மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

"வெறும் காத்துதான்லா. வாயுப் பிடிப்பு. இதுக்குப் போயி டெஸ்ட்டு."

"மூணு வாரந்தாங்க கேக்குறேன்," என்றாள் அம்மா.

"தீபாவளி சரக்கை யாரு ஏத்துவா? வண்டி நிக்கிற அன்னைக்கு நானும் நிக்கிறேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பவள் இல்லை என்பதை அப்பாவாவது யோசித்திருக்கலாம்.

நான்கே நாளில் லாரி நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். என்ஜின் இரண்டு முறை இருமும், புளோக்கைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். பேட்டரி புதிது. டாங்க் நிறைய டீசல். அப்பா டீசல் வடிகட்டும் பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினால் ஓடும், ஐந்து நிமிடத்தில் திரும்பவும் நின்றுவிடும்.

அப்பாவின் பழைய கூட்டாளியான சீன மெக்கானிக் வந்தார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். பில்டரை மாற்றினார், வாஷர்களை மாற்றினார், கையைத் துடைத்துக்கொண்டு "மாசுக் ஆங்கின்" என்றார். காற்று புகுந்துவிட்டது. எங்கே என்று பார்க்க டாங்கையே கழற்ற வேண்டும், பட்டறையில் இப்போது இடமில்லை, காத்திரு என்று சொல்லிப் போய்விட்டார்.

மலாயில் மனிதருக்கு வாயு பிடித்தாலும் இதே சொல்தான். அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும், "எனக்கும் வண்டிக்கும் ஒரே வியாதி," என்று சொன்னார். நான் சிரிக்கவில்லை. வண்டிக்குள் காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்தால் அப்பாவும் பிழைத்துக்கொள்வார் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்த இரண்டு வாரமும் அப்பா சன்னலருகே உட்கார்ந்து லாரியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் போன் செய்தார்கள், பிறகு வேறு லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். வாடகைக்கு ஒரு வண்டி எடுக்கிறேன் என்று அப்பா கிளம்பியபோது அம்மா சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள். வீட்டில் இருட்டடித்தது போல் இருந்தது. அம்மா மட்டும் மீன் குழம்பு வைத்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். காலண்டரில் தினமும் ஒரு நாளை அடித்தாள். அப்பா இப்படிக் கிடக்கும்போது இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

டெஸ்டுக்கு ஐந்து நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மீன் தொட்டிக் கடையில் வாங்கிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை, பில்டருக்குச் சற்று முன்னால் டீசல் வரும் வழியில் பொருத்தினார். பம்பை அழுத்தச் சொன்னார். மஞ்சள் டீசலுக்குள் குட்டிக் குட்டியாகக் குமிழிகள் ஓடின.

"பாத்தியா பாப்பா? டீசல் வெளிய சொட்டினா கண்ணுக்குத் தெரியும். காத்து உள்ள போனா தெரியாது. டாங்குக்கும் இதுக்கும் நடுவுலதான் எங்கயோ போவுது."

நடுவில் மூன்று இணைப்புகள். காற்றை அடைக்க அப்பா முதல் இரண்டிலும் கெட்டியாகக் கிரீஸ் அப்பினார். குமிழிகள் நிற்கவில்லை. மூன்றாவது, டாங்கின் தலையில், லாரியின் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அப்பாவின் கை அங்கே நுழையவில்லை. குனிந்ததற்கே மூச்சு வாங்கியது. என் கை நுழைந்தது. கிரீஸை வழித்து அந்த இணைப்பைச் சுற்றி மூடினேன். அப்பா பம்பை அழுத்தினார். குழாயில் ஒரு குமிழிகூட இல்லை.

ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பின் திருகு என் விரலுக்கே சுற்றியது. தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தேன். கிளிப் முழுக்கத் துரு. திருகின் பள்ளம் மட்டும் புதிதாகக் கீறிப் பளபளத்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஓட்டத்துல லூஸ் ஆயிருக்கும்," என்றார். குட்டை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினேன். டாஷ்போர்டில், என்ஜின் சூடேறுவதைக் காட்டும் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, அப்பா சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அப்பா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் நெஞ்சில் இனி வலி இருக்காது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அம்மா திருநீற்றுப் பொட்டலத்தோடு கார்பார்க்கில் வந்து நின்றாள். ஓடும் என்ஜினைப் பார்த்தாள், என் கருத்த கைகளைப் பார்த்தாள்.

"நீயா கண்டுபுடிச்ச?"

"ஆமாம்மா. கடைசி கிளிப்."

மாடிக்குக் கூட்டிப்போய் சோப்பு போட்டு நகம் நகமாகத் தேய்த்துக் கழுவினாள். வலித்தது. அன்றிரவு அவர்கள் அறையில் அம்மாவின் குரல் மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தது. அப்பா ஒரே ஒரு முறை பதில் சொன்னார். "வண்டி ஓடுதுல்ல."

புதன்கிழமை காலை, லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு அருகே ஒரு பின்சந்தில், லாரி வெகுநேரம் நகராமல் நிற்கிறதே என்று ஒரு கடைக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். அப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். அந்தக் கடைக்காரர்தான் சாவியைத் திருப்பி அணைத்தார். டெஸ்டுக்கு இரண்டு நாள் பாக்கி.

லாரி நின்றுபோனதற்கு முந்தைய மாலையை நான் வெகுகாலம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன். அன்று அம்மா கொய்யாப்பழம் நறுக்கி வைத்தாள். அப்பா ஒரு துண்டைக் கடித்துவிட்டு டீசல் நாற்றம் அடிக்கிறது என்றார். "உங்க கையை மோந்து பாருங்க," என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். பழக்கத்தியின் முனை வளைந்திருந்தது. கல்யாணமான புதிதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்து, பம்பு அழுத்தியவள் அவள். காற்று எங்கே புகும் என்று அவளுக்கும் தெரியும். அவள் கையும் சின்னக் கை.

இதை நான் அம்மாவிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா, "வண்டிதான் கெட்டுக் கெடந்துச்சே, எப்படி எடுத்துட்டுப் போனான்?" என்று கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடும் எனக்குள் ஒரு பெருமை எழுந்தது. நான்தான் சரி செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை எட்டிப் பிடித்து இறுக்கினாள்.

"அது தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு மாமா," என்றாள். "யாரும் ஒண்ணும் பண்ணல."

அப்பாவுக்காக நான் செய்த ஒரே நல்ல காரியத்தைக்கூட அவள் என்னுடையது இல்லை என்று ஆக்கிவிட்டாள். அதற்காக நான் அம்மாவோடு இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.