ஒரு மணித்தியாலம் முந்திய வீடு

சின்னக் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான். பழைய மரமும் எண்ணெயும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய அலுமாரியும் கலந்த மணம். அப்பா சேர்த்து வைத்திருந்த அமெரிக்க மணிக்கூடுகள் எல்லாமே அப்படித்தான் மணந்தன. சுவர்த் தட்டில் வைக்கிற மணிக்கூடுகள் அவை, அதிலும் பெரியவற்றின் குட்டிகள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட உயரம் இருக்கும். இரண்டு பக்கமும் கூர்முனை வைத்த ஒன்றுக்கு எங்கள் வீட்டில் "கோபுரம்" என்று பெயர், முதுகு வளைந்த இன்னொன்று "தேன்கூடு", கதவில் ரோசாப்பூ வரைந்திருந்தது "பொம்பிளை". நூறு வயதைத் தாண்டிய இந்தக் குட்டிகள், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் வரிசையாக நின்று, ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நாள் முழுவதும் துடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் ஒரு பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பயம். எந்த நேரத்தில் நின்றுவிடுமோ என்கிற பயம்.

ஜெர்மனியில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்க மணிக்கூடு, இங்கேயே நல்லதெல்லாம் செய்கிறார்களே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டு ஒன்றின் கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே முதுகுப்பலகையில் பழுப்பேறிய கடதாசி ஒன்று ஒட்டியிருக்கும். கனெக்டிகட்டில் செய்தது, இப்படிச் சாவி கொடு, இப்படி நேரத்தைத் திருத்து என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர், இங்கே உணவகக் குசினியில் கோப்பை கழுவினார், தபால்பெட்டியில் விழுந்த ஒவ்வொரு ஜெர்மன் கடிதத்தையும் பிரித்து, "இது என்ன சொல்லுது பிள்ளை?" என்று என்னிடம் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் முதன்முதலாக அப்படியொரு கதவைத் திறந்தபோது, இந்த நாட்டில் தனக்கு விளங்கின முதல் கடதாசி அதுதான் என்று சொல்வார். அதன்பிறகு அந்தக் குட்டிகளைத் தேடாத ஞாயிறு அவருக்கு இருக்கவில்லை.

அவை ஒரு நாளுக்குச் சற்று மேல்தான் ஓடும். வேலைக்குப் போகுமுன் அப்பா ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்துவிட்டுத்தான் சப்பாத்தைப் போடுவார். அம்மாவுக்கு இந்தச் சேகரிப்பு பிடிக்காது, "தூசி பிடிச்ச சாமான்" என்பார். ஆனாலும் ஒன்றையும் நிற்க விடமாட்டார். "நிண்ட மணிக்கூடு வீட்டுக்கு ஆகாது" என்பது அவருடைய வேதவாக்கு. ஊரில் அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஒரே மணிக்கூடு நின்று, அதைத் திருத்தக் கொடுக்காமல் விட்ட கிழமைதான் ஷெல் விழுந்து மாமா, அம்மாவின் தம்பி, போனார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அம்மாவோடு வாதாட யாருக்கு வாய் வரும்? அப்பாவே வாதாடவில்லை. ஆகவே அந்தப் பயம் சோற்றோடு சேர்ந்து எனக்குள்ளும் இறங்கியது.

நான் நான்காம் வகுப்பில் படித்த ஆண்டின் ஒக்டோபர் மாதக் கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பைபாஸ் செய்ய வேண்டும், பிந்தினால் ஆபத்து என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபடி, தன் நெஞ்சை மறந்து, அப்பா என்னிடம் சொன்னது மணிக்கூடுகளைப் பற்றித்தான்: "இந்த ஞாயிறு, குளிர்காலத்துக்கெண்டு, நாடு முழுக்க நேரம் மாத்துறாங்கள் பிள்ளை. ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. முள்ளைப் பின்னுக்குத் திருப்பிப்போடாதை, மணி அடிக்கிற மணிக்கூடு பழுதாப்போம். எல்லாத்தையும் ஒரு மணித்தியாலம் நிப்பாட்டி வைச்சிட்டு, பிறகு ஓட விடு."

பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் வெளிறியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தார். "அவர் அங்க நெஞ்சைத் திறந்துகொண்டு கிடக்கேக்க, இஞ்ச நான் மணிக்கூட்டை நிப்பாட்டுறதோ? ஏலாது. ஜெர்மன்காரன் தன்ர நேரத்தை என்னவும் செய்யட்டும். இந்த வீட்டில ஒண்டும் நிக்கக் கூடாது." தன் கைக்கடிகாரத்தைக்கூட அவர் தொடவில்லை. ஒப்பரேஷன் முடிந்தது, ஆனால் அப்பா கண் விழிக்கவில்லை. நான் நாற்காலியில் ஏறி நின்று சாவி கொடுத்தேன். என் விரல்களுக்கு அந்தச் சாவிகள் முரடாக இருந்தன. பாடசாலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் தட்டுப் பக்கம் வைத்திருந்தேன். "தேன்கூடு" கொஞ்சம் இழுத்தாலும் புத்தகத்தைப் போட்டுவிட்டு அதனிடம் ஓடுவேன்.

அந்த ஞாயிறு பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நேரம் மாறிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் வீட்டிலுள்ள அத்தனை மணிக்கூடும் அம்மாவின் கைக்கடிகாரமும் ஒரே குரலில் பார்வையாளர் நேரம் வந்துவிட்டது என்று சொல்லும்போது, ஊர் வேறு நேரத்தில் இருக்கிறது என்ற நினைப்பே எழவில்லை. தொங்கு ரயிலில் அம்மா முருகனைக் கூப்பிட்டபடி வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு பூட்டிக் கிடந்தது. மணியை அடித்தோம். ஒரு தாதி கதவைச் சற்றே திறந்து, இப்போது வர முடியாது என்று சொல்லி மறுபடி சாத்திவிட்டார்.

அம்மா என் தோளைப் பிடித்தார். "நேற்று இந்த நேரம் விட்டவையெல்லே. இண்டைக்கு ஏன் விடேல்லை? கேள் பிள்ளை, ஏன் எண்டு கேள்." நான் மணியை மறுபடி அடிக்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் எதுவாக இருக்கும் என்று எனக்கும் தெரியும் போலிருந்தது. கதவுக்கு அப்பால் சக்கரக் கட்டில் ஒன்று உருண்டது. அம்மா தரையில் குந்தி, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் அப்பா செத்துப்போனார் என்பது உறுதியாகிவிட்டது. நிப்பாட்ட மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்த அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் முழுவதுமாக அந்த வாசலில் இருந்து கழித்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட நேரம் இன்றுவரை வந்ததில்லை.

பிறகு கதவு திறந்தது. அதே தாதி, இப்போதுதான் பார்வையாளர் நேரம், ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டீர்களே என்று வியப்போடு சொல்லி எங்களை உள்ளே விட்டார். அப்பா கண் விழித்திருந்தார். குழாய் எடுத்த தொண்டையால் முதலில் கேட்டது, "மணிக்கூடுகள்?"

"எல்லாம் ஓடுது," என்றார் அம்மா. "நான் ஒண்டையும் நிக்க விடேல்லை."

அப்பா அம்மாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரில் இருந்ததைப் பார்த்தார், வீங்கியிருந்த எங்கள் கண்களைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; சிரிக்க நெஞ்சு வலித்தது. "சிரிக்காதேங்கோ, தையல் பிரியும்," என்று அம்மா அதட்டினார். பயந்தவர்களுக்கு முதலில் வருவது கோபம்தானே.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா நிப்பாட்ட விடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீடு ஊருக்கு ஒரு மணித்தியாலம் முந்தி ஓடியது. இருட்டில் போய்ப் பூட்டிய பாடசாலைப் படலையில் நான் நின்ற காலைகளும் உண்டு. மார்ச் கடைசியில் ஜெர்மனி தன் நேரத்தை முன்னுக்கு நகர்த்தி எங்களோடு வந்து சேர்ந்தபோது, "பாத்தியளே, இப்ப வழிக்கு வந்திட்டாங்கள்," என்றார் அம்மா. அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் வீட்டுக்கு வரும் சனம் அம்மாவைப் பார்த்து, "இது அக்கா வீட்டு நேரமோ, ஜெர்மன் நேரமோ?" என்று கேட்டுக் கேலி செய்யும். அம்மா அசைந்து கொடுத்ததில்லை.

பல ஆண்டுகள் கழித்து, போன கோடையில், கடைக்குப் பாண் வாங்கப் போன அப்பா அங்கேயே விழுந்து இறந்தார். நாங்கள் வீடு திரும்பியபோது தட்டில் ஒன்றுகூட நிற்கவில்லை. அன்று காலை அவரே கொடுத்த சாவியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றின் முன்னால் நின்று, ஒவ்வொன்றிலும் காது வைத்துப் பார்த்தார்.

இப்போது அம்மா மணிக்கூடுகளோடு டுசல்டோர்ஃபில் என் வீட்டில் இருக்கிறார், நான்தான் சாவி கொடுக்கிறேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று, தேத்தண்ணி குடித்து முடித்த அம்மா தானாகச் சொன்னார்: "நிப்பாட்டு பிள்ளை. இனி என்ன?" நான் ஒவ்வொன்றின் ஊசலையும் விரலால் தொட்டேன். வீடு அடங்கியது. சின்ன வயதில் என்னை விழுங்கிய அந்தப் பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, யாருக்காகப் பயந்தேனோ அந்த அப்பா இப்போது இல்லை. ஒரு மணித்தியாலம் கழிந்ததும் மறுபடி ஓட விட்டேன். இப்போது எங்கள் வீட்டில் எல்லா மணிக்கூடுகளும் சரியான நேரம் காட்டுகின்றன.