சுருதிக்கு வந்தவன்

நான் முதன்முதலாக எடுத்துக்கொண்ட போட்டோ சங்கீதப் பரீட்சைக்காக எடுத்தது. மாரண்டஹள்ளி ஸ்டூடியோவில் தலையை நிமிர்த்தச் சொல்லிப் போட்டோக்காரர் மூன்று தடவை என் தாடையைத் தொட்டுத் தூக்கினார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. யாரையும் நேராகப் பார்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஆறாவதுக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் வாத்தியார் என்னை எழுந்து பெயர் சொல்லச் சொன்னார். எழுந்தேன், பெயர் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் போகவில்லை. அப்பா இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டுத் தக்காளித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்.

பாட்டு மட்டும் தங்குதடை இல்லாமல் வந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் பூசைக்கு நான்தான் ஆர்மோனியம். பெட்டி தூணுக்குப் பின்னால் இருந்தது எனக்கு வசதி. அங்கிருந்து பாடினால் என் முகம் யாருக்கும் தெரியாது.

அத்தை மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். பிளஸ் டூ முடித்துவிட்டு, சனிக்கிழமைதோறும் தர்மபுரிக்குப் போய் ஒரு டீச்சரம்மாவிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தான். அரசாங்கம் நடத்தும் சங்கீதப் பரீட்சையில் கீழ்க்கிரேடு பாஸ். அடுத்தது மேல்கிரேடு. அதையும் முடித்து ஒரு டிரெயினிங்கும் எடுத்தால் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஆகலாம். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் தூணுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"மாப்ள, நீயும் எழுது. ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம்."

"நான் கீழ்க்கிரேடே எழுதலியே மச்சா."

"தொண்டையில பாட்டு இருந்தா நேரா மேல்கிரேடு எழுத வுடுவாங்கடா. ஃபாரம், ஃபீஸ் எல்லாம் நான் பாத்துக்கறன்."

அடுத்த வாரம் ஃபாரம் கொண்டுவந்து அவனே நிரப்பினான். படிப்பு என்ற இடம் வந்தபோது "அஞ்சாவது" என்றேன். பேனா கொஞ்ச நேரம் நின்றது.

"என்ன மச்சா?"

"ஒண்ணுமில்ல. பாட்டுக்கு எதுக்குடா படிப்பு" என்று எழுதி முடித்துவிட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டோவையும் கொடுத்தேன்.

பத்து மாதம் படித்தோம். காலையில் நான் மண்டியில் தக்காளிக் கூடை தூக்குவேன். சாயங்காலம் அவன் வீட்டு மோட்டார் ரூமில் உட்காருவோம். சுருதிப் பெட்டியின் துருத்தியை ஒரு கை விடாமல் இழுத்துவிட வேண்டும். பாடுகிறவனுக்குத் தாளம் போட ஒரு கை வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் உண்டு, எங்களுக்கு வரவில்லை. அதனால் அவன் பாடும்போது நான் பெட்டி போடுவேன், நான் பாடும்போது அவன். வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், பாடினால் அவனுக்குத் தாளம் நழுவும். என் கால் கட்டைவிரல் தரையில் தட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொள்வான். எழுத்துப் பரீட்சைக்கான நோட்டை நான் மண்டிக்கே எடுத்துப்போனேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராகங்களின் ஆரோகணம் அவரோகணத்தை முணுமுணுத்தபடி நடப்பேன்.

மண்டியில் தெரிந்துவிட்டது. எடை போடுகிறவருக்குக் கொண்டாட்டம்.

"யோவ் வித்வான், தக்காளிக்கு என்னய்யா ராகம்? நசுங்கிப்போச்சு பாரு, முகாரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலிக்குச் சேர்ந்து சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யாரையும் பார்க்காமல், "பரிச்ச எழுதறனுங்க" என்று சொன்னேன். அதை அவ்வளவு பேர் நடுவில் சொல்ல முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

கடைசி இரண்டு மாதத்தில் நான் பாடுவது குறைந்துவிட்டது. "எனக்குத்தான்டா பயமா இருக்குது, நீ எப்படியும் பாடிருவ" என்பான். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சை சேலத்தில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். காலையில் பாட்டு, மத்தியானம் எழுத்து. "ஹால் டிக்கெட் ரெண்டும் எங்கிட்ட பத்திரமா இருக்குது" என்று பஸ்ஸில் சொன்னான். சுருதிப் பெட்டி என் மடியில் இருந்தது. வெள்ளைச் சட்டை புதிதாகத் தைத்திருந்தேன்.

கேட்டில் ஒருவர் உட்கார்ந்து டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒன்றை நீட்டினான். அவன் போட்டோ ஒட்டியது.

"இவரு?"

"சுருதிக்குங்க" என்றான்.

அவர் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையை அசைத்தார். நான் நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது. அவன் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனான்.

"என்னுது எங்க மச்சா?"

"அப்புறம் சொல்றன் வா."

"என்னுது எங்க?"

"எட்டாவதாவது பாஸ் பண்ணிருக்கணுமாம்டா. கீழ்க்கிரேடும் இருக்கணுமாம். அனுப்பினா திருப்பித்தான் அனுப்புவாங்க. அதான் அனுப்பல."

"எப்பத் தெரியும்?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே அவன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா எதிரில் இருந்தார். நான் பெட்டியைத் திறந்து இழுக்க ஆரம்பித்தேன். வர்ணம் முதல் காலம் நன்றாகவே போனது. இரண்டாம் காலத்தில் அவன் கை தடுமாறியது. கண்கள் என் காலைத் தேடின. பெட்டியை நிறுத்தலாம், எழுந்து வெளியே போகலாம் என்று தோன்றியது. செய்யவில்லை. நல்ல மனது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறுத்தினால் அந்த அறையில் உள்ள எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து இழுத்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரலும் பழக்கத்தில் தட்டியது. அவன் தாளத்துக்குள் வந்துவிட்டான்.

முடிந்ததும் அந்த அம்மா என்னிடம், "சுருதி நல்லா நிதானமா போட்டீங்க. நீங்க பாட மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"கூட வந்தனுங்க" என்றேன்.

மத்தியானம் அவன் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, நான் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். சேலத்திலிருந்து தனியாக ஊருக்கு வர எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொப்பூர் தாண்டியதும் அவனே ஆரம்பித்தான்.

"ஃபாரம் நிரப்பின அடுத்த வாரமே டீச்சரம்மா சொல்லிட்டாங்கடா. சொன்னா நீ மோட்டார் ரூமுக்கே வரமாட்ட. நீ இல்லாம எனக்குத் தாளம் நிக்காது."

பத்து மாதம். கொஞ்ச நேரம் கழித்து அவன் கேள்வித்தாளை எடுத்து விரித்தான். ஒரு தாய் ராகத்திலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்களைக் கேட்டிருந்தார்கள். தான் எழுதியதைச் சொல்லி, "சரிதானா மாப்ள?" என்று கேட்டான். இரண்டு சரி, ஒன்று தப்பு. தப்பை நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாரண்டஹள்ளியில் இறங்கியபோது டீக்கடை முன்னால் மண்டி ஆட்கள் நின்றிருந்தார்கள். எடை போடுகிறவர் உரக்கக் கூப்பிட்டார்.

"யோவ் வித்வான்! பரிச்ச என்னாச்சு?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஏமாந்துபோனேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரியா பாடலீங்க" என்றேன்.

அவன் என் தோளில் கை போட்டான். "வூட்டுல நல்லா பாடறவன்தாங்க. அங்க போயி பயந்துட்டான். அடுத்த வருசம் பாத்துக்கலாம் வுடுங்க."

"அட பாவமே" என்று எடை போடுகிறவர் எனக்கு ஒரு டீ சொன்னார். அதன் பிறகு அவர் என்னை வித்வான் என்று கூப்பிடவே இல்லை. பாவம் பார்த்துத்தான்.

ஹால் டிக்கெட் விஷயத்தைக்கூட மன்னித்துவிடலாம். அவனுக்கும் வேலை வேண்டும், பயம் இருந்தது. அந்த டீக்கடையில் என் பொய்யை அவன் அவ்வளவு சுலபமாக வாங்கிப் போர்த்திக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் பாஸானான், வாத்தியார் ஆனான். அவனைப் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வேன். மோட்டார் ரூமுக்கு மட்டும் மறுபடி போகவில்லை.

எங்கள் ஊரில் இன்றைக்கும் நான் சேலம்வரை போய்ப் பாடப் பயந்து திரும்பி வந்தவன். என் பிள்ளைகளும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பரீட்சையில் உட்காரவே இல்லை என்பது எங்கள் ஊரில் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதை அவன் வாயால் ஒரு நாள் சொல்லட்டும் என்று இருந்தேன். இத்தனை வருடம் ஆகியும் சொல்லவில்லை.