பூனாகலையில் ஒரு படம் மிச்சம்

பண்டாரவளையில் இறங்க வேண்டிய நான் பதுளையில் இறங்கினேன். தூங்கிவிட்டேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. தூங்கிய விதத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மலைநாட்டின் அழகு ஒரு கணமும் தப்பிவிடக் கூடாதென்று, கொழும்பிலிருந்தே காமிராவின் மூடியைக் கழற்றி மடியில் தயாராக வைத்திருந்தேன். அப்புத்தளை தாண்டியதும் கண்ணுக்குச் சற்று ஓய்வு கொடுத்தேன். ஊரைத் தவறவிட்டதற்கு ஈடாக தெமோதரையில் ரயில் தன் பாதைக்கு அடியிலேயே நுழையும் அந்தப் பெயர்பெற்ற வளைவாவது கிடைத்திருக்க வேண்டும். அதையும் தூங்கியே கடந்தேன்.

எதிர் இருக்கையில் வந்த பதுளைத் துணிக்கடை முதலாளி தோளைத் தட்டினார்.

"எழும்புங்க மாஸ்டர். இதுக்கு அங்கால தண்டவாளம் இல்ல."

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் பண்டாரவளைக்குத் திரும்பினேன். பதினெட்டு மைல் சொச்சம். அங்கே பதினைந்து சதத்துக்குப் பாலில்லாத பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு, பூனாகலை பஸ் ஏறினேன். வந்த காரியம் எளிமையானது. கொழும்பில் ஒரு பத்திரிகையின் அட்டைக்கு, காலை வெயிலில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் ஒன்று வேண்டும். அந்த ஆசிரியருக்கு இதற்குமுன் நான் கொடுத்த வெசாக் பண்டிகைப் பந்தல் படம் விளக்கு அணைந்த பின் எடுத்தது. பெரஹரா ஊர்வலத்து யானை பின்பக்கமாக எடுத்தது. ஆகவே மூன்றாவது சந்தர்ப்பம் கடைசியானது என்று சொல்லியிருந்தார். பாண் ரொட்டிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருந்த அந்த நாட்களில் பிலிம் சுருள் கிடைப்பது பெரும்பாடு. என்னிடம் இருந்தது ஒன்று.

பதினொரு மணிக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தேன். கணக்குப்பிள்ளை வேலாயுதம் எனக்குத் தெரிந்தவர். வேலை செய்பவர்களை மேற்பார்வை பார்ப்பவர். அவர் வீட்டுக்கு எதிர்ச் சரிவிலேயே முப்பது பெண்கள் கூடை சுமந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நீல மலைகள், பக்கத்தில் ஒற்றைச் சவுக்கு மரம். ஆனால் உச்சி வெயில். நான் படித்த புகைப்பட நூல்கள் எல்லாம் உச்சி வெயிலைக் கொலைக்குற்றம் போலப் பேசுகின்றன. நாளை காலை இதே இடத்தில் எடுப்பதென்று முடிவு செய்து, காமிராவை மூடிவிட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. அதே சரிவில் ஒரு பாறைமேல் அமர்ந்தேன். பொன்னைக் கரைத்து ஊற்றியது போல வெயில் வந்தது. சவுக்கு மரம் இருந்த இடத்தில் இருந்தது. பெண்கள் மட்டும் வரவில்லை. ஏழரை மணிக்கு வேலாயுதம் அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னங்க சார், இங்க ஒக்காந்திருக்கீங்க?"

"கொழுந்தெடுக்க வருவார்களே என்று..."

"நேத்து எடுத்த மலையில இன்னைக்கு என்ன இருக்கும்? இலை தளிர்க்க வேணாமுங்களா? இனி எட்டு நாள் கழிச்சுத்தான் இங்க வருவாங்க. இன்னைக்கு அந்தாண்ட, ஒம்பதாம் நம்பர் மலை."

"நேற்றே சொல்லியிருக்கலாமே."

"நீங்க சூரியன் உதிக்கிறதப் பாக்கப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஒன்பதாம் நம்பர் மலைக்கு மூச்சிரைக்க ஏறியபோது பெண்கள் இருந்தார்கள், மலை இல்லை. பனிமூட்டம் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அது சற்று விலகும்போதெல்லாம் அவசரமாகப் பொத்தானை அழுத்தினேன். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்த பெண்கள் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

"சாக்கோட நிக்கிற கோலத்தையா படம் புடிப்பாங்க? சொல்லியிருந்தா சீலை மாத்திட்டு வந்திருப்போம்ல" என்றாள் ஒருத்தி. அவள் பெயர் லெச்சுமி. சிறிது நேரம் கழித்து, கை கொழுந்தை விடாமலே, மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, எங்களையும் ஒரு படம் எடுப்பீங்களா? அக்கா குடும்பம் ஞாயித்துக்கிழமை இந்தியாவுக்குப் போகுதுங்க."

"பாஸ்போர்ட்டுக்கு எடுத்திருப்பார்களே?"

"எடுத்தாங்க. போறவங்க மட்டுந்தான் அதுல இருக்காங்க. நான் இல்லைங்களே."

தோட்டத்து மக்களைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அக்காவுக்கு அந்த நாடு, தங்கைக்கு இந்த நாடு. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மாலையில் வருகிறேன் என்றேன். சொன்னபிறகுதான் காமிராவின் எண்ணைப் பார்த்தேன். பனியை அத்தனை கோணங்களில் எடுத்தது போக, மிச்சம் ஒரே ஒரு படம்.

மாலை ஐந்து மணிக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் எல்லாரும் தயார். அக்கா பாக்கியம் கல்யாணச் சீலையில். அவள் கணவர் இரவல் கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடக்கிக்கொண்டு. இரண்டு பிள்ளைகள் முகத்தில் தாராளமாகப் பவுடர். நடுவில் லெச்சுமி அக்காவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

நான் கண்ணைக் காமிராவில் வைக்கவும் பனி விலகவும் சரியாக இருந்தது. எனக்கு வலப்பக்கச் சரிவில், கூடைகளோடு இறங்கி வரும் பெண்களின் வரிசைமேல் சாய்வெயில் விழுந்தது. சொல்லி வைத்தாற்போன்ற அட்டைப்படம். என் தலை தானாகத் திரும்பியது. காமிராவும் கூடவே திரும்பியது.

"ஐயா," என்றாள் லெச்சுமி, "நாங்க இங்கிட்டு இருக்கோம்."

திரும்பினேன். எடுத்தேன். மறுபடி சரிவைப் பார்த்தபோது பனி மூடியிருந்தது.

பண்டாரவளை ஸ்டூடியோவில் உட்கார்ந்து கழுவச் சொல்லி, இரண்டு பிரதிகளை ஈரம் உலருமுன்பே உறையிலிட்டு மாலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டதாம். என் வாழ்நாளில் நேரத்துக்குப் போன படம் அது ஒன்றுதான். ஆசிரியர் அந்த மாத அட்டையில் ஒரு ரோஜாப் பூவைப் போட்டார்.

அடுத்த வருடம் பூனாகலை போனபோது, லெச்சுமியின் ஒற்றை அறைக் காம்பராவில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது கண்ணாடி போட்டுத் தொங்கியது. எல்லா முகமும் பளிச்சென்று இருந்தது. பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குங்க. வெயிலு உங்க முதுகுப் பக்கம் இருந்திச்சா, உங்க நெழலு எங்க எல்லார் காலுலயும் நீளமா விழுந்து கெடக்கு. இந்தியாவுல படத்தப் பாக்கிறவங்க எல்லாம் இது யாருன்னுதான் மொதல்ல கேக்குறாங்களாம். சித்தப்பான்னு சொல்லி வச்சிருக்காளாம் அக்கா."