மாமாவின் ரத்தம் அம்மாவைக் கொல்லவில்லை

அன்புப் பிள்ளைகளே, அம்மாவின் ஓராண்டு நினைவுப் பூசைக்கு வரும் சொந்தங்களே,

உங்கள் அம்மா திருவொற்றியூரில் பிறந்தார். இறால் உரிக்கும் கம்பெனியில் கை விறைக்க நின்று, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய என்னோடு ராயபுரத்தில் குடும்பம் நடத்தினார். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்தால் முணுமுணுக்காமல் மறுபடி அலசுவார். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும் பார்த்தவரெல்லாம், "வூட்ல யாரு சிகரெட்டு?" என்றே கேட்டார்கள். யாருமில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய் மேல் ஏவிவிடும் ஊசி போட்டார்கள். நடுவில் ரத்தம் குறைந்து மூச்சு வாங்கியது. ரத்தம் ஏற்றினார்கள். ஈடாக ரத்தம் கொடுக்க ஆள் கேட்டபோது, எண்ணூரிலிருந்து முதலில் ஓடிவந்தவர் அம்மாவின் தம்பி, உங்கள் மாமா.

"இன்னாக்கா, என் ரத்தம் ஏறினதும் மூஞ்சி பளபளன்னு கீது?"

"போடா! சாயங்காலமானா காலு தானா ஒயின்ஷாப் பக்கம் போவுதுடா."

வார்டே சிரித்தது. அந்தத் தெம்பில்தான் அம்மா கடைசியாக மாதா கோயிலுக்கு நடந்து போனார்.

அடக்கத்தன்று மூத்தவன் போனைப் பார்த்து, "ரத்தம் ஏத்தினவங்களுக்கு இந்த ஊசி சரியா வேலை செய்யலன்னு போட்டுக்கீறான்" என்றான். உடனே ஒருவர், "குடிகாரன் ரத்தம் ஏத்தினா இன்னா ஆவும்?" என்றார். மாமா காதில் விழுந்தது. குழியில் மண்கூடப் போடாமல் போனவர் இன்றுவரை நம் வாசல் மிதிக்கவில்லை.

நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "உங்க மச்சான் ரத்தம் பேங்க்ல சேர்ந்துடும். சோதிச்சு வெச்சிருந்த, பொருந்துற வேற யாரோட ரத்தமோதான் அம்மாவுக்கு ஏறிச்சு" என்றார். இதை அன்றைக்கே ஒருவர் நமக்குச் சொல்லக் கூடாதா?

"அப்போ ரத்தத்தால ஊசி கெட்டுதா, இல்லியா?"

"ரத்தம் தேவைப்படுறவங்களே ரொம்பத் தளர்ந்தவங்கய்யா. அவங்க சீக்கிரம் போறது ரத்தத்தாலயா, நோயாலயான்னு இன்னும் பிரிச்சுச் சொல்ல முடியல. ஆனா அன்னிக்கு ஏத்தாம விட்டிருக்க முடியாது."

ஆத்திரமாக வந்தது. இத்தனை படித்தவருக்கே தெரியாததை, நாம் சாவு வீட்டில் நின்ற இடத்திலேயே தீர்ப்பாகச் சொல்லிவிட்டோமே! கப்பல் தடுமாறினால் இழுவைப் படகு போகும். படகு போனதால்தான் கப்பல் தடுமாறியது என்று துறைமுகத்தில் யாராவது சொல்வார்களா?

அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த என் தோழர்களுக்கும் நன்றி. எல்லாருக்கும் முன்னால் மாமாவுக்கு நன்றி. அவர் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்த நினைவு மலரில் அச்சில் போடுகிறேன்.

மூத்தவனே, பூசைக்கு முன்னால் இந்த மலரை நீயே எண்ணூருக்குக் கொண்டுபோ. கையில் திணித்துவிட்டு ஓடிவராதே. அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில். திட்டினால் வாங்கிக்கொள். அவரைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

உங்கள் அப்பா