கடைசிப் பெயர் மேலே வரவேண்டும்

போன வாரம் மகளுக்குப் புது லேப்டாப் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோல் வாசனை முகப்பேர் ஃபிளாட்டின் ஹால் முழுக்கப் பரவியது. அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ நெருங்குகிறது. உட்கார்ந்த சூட்டோடு எதையோ தட்டிவிட்டு, "அப்பா, ஒரு அர்ரேவைத் திருப்பிப் போடணும்னா உங்க காலத்துல எத்தனை வரி எழுதுவீங்க? இப்ப ஒரே வார்த்தை, பாருங்க" என்றாள். திரையில் பட்டியலாக இருந்த பெயர்கள் சட்டென்று தலைகீழாக மாறின. கடைசிப் பெயர் மேலே வந்தது. ஏதோ வேலை இருப்பதுபோல நான் பால்கனிக்குப் போய்விட்டேன். தலை நரைத்த பிறகும் காது மடல் சூடாகிறது, கொடுமையைப் பாருங்கள்.

தெர்மாகோல் வாசனை எனக்குத் தனியாக வருவதில்லை, புதுச் செருப்பு வாசனையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். எண்பதுகளின் கடைசியில் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு செருப்புக் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. கீழே ரப்பரும் பசையும் மணக்கும். மேலே ஏறினால் கண்ணாடிக் கதவு, ஏ.சி., துணி போர்த்திய மூன்று கம்ப்யூட்டர்கள். செருப்பைப் படியிலேயே விட்டுவிட வேண்டும். செருப்புக் கடை மாடிக்கு வெறுங்காலோடு போகும் ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். நான் அங்கே பாதி மாணவன், பாதி வாத்தியார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு எழுத்து சொல்லிக்கொடுப்பேன். அதற்குப் பதிலாக எல்லாரும் போன பிறகு கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொட விடுவார் மேடம், சென்டரின் உரிமையாளர். மற்றபடி எங்கள் புரோகிராம் எல்லாம் காகிதத்தில்தான் ஓடும். மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, மனசுக்குள்ளேயே சரி போட்டுக்கொள்வோம். அதில் நான் ஒருநாளும் தப்பு செய்ததே கிடையாது!

என் நைனா அதைவிட ஒரு படி மேலே. நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. பெயர் தண்டபாணி. ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் பால் வாங்கப் போனாலும், ரேஷனுக்குப் போனாலும், "எம் பையன் கம்ப்யூட்டர் வாத்தியாரு" என்று சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவார். எதிர்வீட்டுத் திருநெல்வேலி அக்கா ஒருமுறை அவர்கள் வீட்டு டி.வி. பெட்டியை ரிப்பேர் பண்ண என்னைக் கூப்பிட்டே விட்டார்.

தொழிற்சாலையில் நைனாவின் குழுவில் ஏழு பேர். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்களோ அந்த வரிசையில்தான் பெயர் கூப்பிடுவார்கள். சோப்பு கொடுத்தாலும் அந்த வரிசை, காக்கிச் சட்டை கொடுத்தாலும் அதே வரிசை. நைனா கடைசியாகச் சேர்ந்தவர். அதற்கப்புறம் அந்தக் குழுவில் ஆளே எடுக்காததால் வருஷக்கணக்காகக் கடைசியிலேயே நின்றார். ஷூ கொடுக்கும் நாளில் அவர் முறை வரும்போது பொருத்தமான அளவு தீர்ந்து போயிருக்கும். பெரிய ஷூவை வாங்கி, முன்பக்கம் எண்ணெய் துடைக்கிற நூல் கழிவைத் திணித்துப் போட்டுக்கொண்டு போவார். நடந்தால் டொக் டொக்கென்று தெரு முனையிலேயே கேட்கும். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"டேய், உன் பொட்டில எங்க ஏழு பேரு பேரையும் போட்டு, கீழ கீறத மேல கொண்டாந்து காட்டுவியா? ஒரு தபாவாவது எம் பேரு மொதல்ல வரட்டும்டா."

"அது ஜுஜுபி நைனா!"

ஜுஜுபி என்று சொன்ன அந்த வாயை என்ன செய்வது!

மேடத்திடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். குவார்ட்டர்ஸ்காரர்கள் பார்த்துவிட்டுப் போனால் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் இல்லையா? "ஞாயித்துக்கிழமை கூட்டிண்டு வாப்பா. முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறியா?" என்றார். "தேவையில்லை மேடம்" என்றேன். திமிர்தான், வேறென்ன?

விஷயம் ரொம்பச் சின்னது. ஏழு பெயர்கள், ஏழு டப்பாக்கள். முதல் டப்பாவில் இருப்பதையும் கடைசி டப்பாவில் இருப்பதையும் மாற்ற வேண்டும். இரண்டு டம்ளரில் உள்ள டீயையும் காபியையும் இடம் மாற்ற மூன்றாவதாக ஒரு காலி டம்ளர் வேண்டும் இல்லையா, அதுபோல ஒரு காலி டப்பா. அப்புறம் இரண்டாவதும் ஆறாவதும், மூன்றாவதும் ஐந்தாவதும். நடுவில் இருப்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும். புத்தகத்தில் 'பாதி வரை' என்றுதான் போட்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழில் பாதி மூன்றரை. மூன்றரை ஆட்களை எப்படி மாற்றுவது? மிஷின் குழம்பிவிட்டால் மானம் போகுமே? போதாததற்கு, எங்கள் வீட்டில் வாசல் கூட்டினாலும் சைக்கிள் துடைத்தாலும் "அரகொறயா உடாதடா" என்பது நைனாவின் அன்றாட அர்ச்சனை. எதற்கு வம்பு, கடைசி வரைக்கும் போகட்டும் என்று ஏழு வரை போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். நைனா இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் ஏறினார். "செருப்ப இங்கியே உடுங்கப்பா, உள்ள தூசு ஆவாது" என்று தானே சென்டரைக் கட்டியவர் மாதிரி எல்லாரையும் அதட்டினார். ஏ.சி. பட்டதும் ஆறுமுகம் மாமா கையைக் கட்டிக்கொண்டார். அவர்தான் குழுவில் சீனியர், முதல் பெயர் அவருடையது. ஒவ்வொரு பெயராக ஆங்கிலத்தில் அடித்தேன். பச்சை எழுத்தில் தன் பெயர் வரும்போதெல்லாம் அந்தந்த மாமா "அட!" என்றார். கடைசியில் தண்டபாணி. நைனாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் தன் பெயர் இருக்கும் தினுசு தெரியும்.

"இப்ப பாருங்கடா" என்றார் நைனா. நான் பொத்தானைத் தட்டினேன்.

பெயர்கள் வந்தன. மேலே ஆறுமுகம். கீழே தண்டபாணி. ஒரு எழுத்துகூட இடம் மாறவில்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே. நைனா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். முதல் வரியில் விரலை வைத்தார். அங்கே தன் பெயர் இல்லை. விரலை அடுத்த வரிக்கு இறக்கினார், அதற்கடுத்ததற்கு இறக்கினார். ஏழாவது வரிக்கு வந்த பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாடா கண்ணு, நான் இங்கியேதான் கீறேன்?"

ஆறுமுகம் மாமா அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "மாமே, நீ எங்க நிக்கணும்னு மிஷினுக்கே தெரிஞ்சு பூட்சுடா!"

அறையே சிரித்தது. மாமா கெட்ட மனிதர் இல்லை, நைனாவோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர். நைனாவும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. நான் மட்டும் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதியது எல்லாம் சரியாகவே தெரிந்தது. அந்த ஏ.சி.யிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூமி பிளக்காதா என்று இருந்தது. மேடம் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கூல்டிரிங்க் வரவழைத்துக் கொடுத்தார். இறங்கும்போது படியில், "மிஷின் புச்சு, இன்னும் பழகல" என்று நைனா அவர்களிடம் சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. தப்பு என் பேரில் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னை இன்னும் கொன்றது.

மறுநாள் காலை பல் துலக்கும்போது பொறி தட்டியது. பாதிக்குமேல் போனதால், மாறியவர்கள் எல்லாம் திரும்ப அவரவர் இடத்துக்கே மாறிவிட்டார்கள். மேலே வந்த நைனாவை நானேதான் கீழே இறக்கியிருக்கிறேன்! வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் சென்டருக்கு ஓடினேன், ஒரு எண்ணை மாற்றினேன். தண்டபாணி மேலே வந்தது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சாயங்காலம் நைனாவைக் கூப்பிட்டேன். "வா நைனா, இப்ப சரியாயிட்சு."

"உடுடா, அப்பால பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வாரம் கூப்பிட்டேன், அப்போதும் அப்பால என்றார். கோபம் இல்லை, வருத்தம்கூடக் காட்டவில்லை. ஆனால் அந்தப் படியை அவர் அப்புறம் மிதிக்கவே இல்லை. பால் வாங்கப் போனால் என்னைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். நானும் ஒருநாள் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அந்த மாடி இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது செருப்புக் கடையோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசை பூட்டிக்கிடக்கிறது, சுவரில் அரச மரம் முளைத்துவிட்டது. ஏழு பேரில் இன்று ஒருவரும் இல்லை.

நைனா போனது தொண்ணூறுகளின் நடுவில், ரிட்டயர் ஆவதற்கு முன்பே, நெஞ்சு வலியில். மற்ற ஆறு பேரும் ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு அப்படியே வந்து நின்றார்கள். ஆறுமுகம் மாமா மாலையைப் போட்டுவிட்டு நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துலயும் கடேசில நிப்பியேடா தண்டபாணி... இதுல மட்டும் எங்க எல்லாரையும் முந்திக்கினு மொதல்ல பூட்டியேடா!"

நான் தலையை நிமிர்த்தவே இல்லை.